பொய்க் கூரை

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கடிதம் எழுதும் வழக்கமே ஏறக்குறைய அற்றுப் போய்விட்ட இந்தக் காலத்திலும், கோடு போட்ட தாளில், நீல மையில், நிறுத்தி நிறுத்தி எழுதுகிறவர் அவர். கடிதத்தோடு ஒரு புகைப்படமும் இருந்தது.

“இது கலிபோர்னியாவில் என் மகன் இருக்கிற வீடு. கூரையைப் பாருங்கள். என்ன தெரிகிறது?” என்று தொடங்கியிருந்தார்.

பார்த்தேன். மலைச்சரிவில் ஓர் அழகான வீடு. கூரை முழுவதும், மீன் செதிலைப் போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மரத்துண்டுகள். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். அங்கங்கே நீளவாக்கில் வெடிப்பு. ஓரிடத்தில் ஒரு கணு.

“மரம் என்றுதானே நினைத்தீர்கள்? மரம் அல்ல, இரும்புத் தகடு. மரத்தின் ரேகை, வெடிப்பு, கணு எல்லாவற்றையும் அச்சில் வைத்து அழுத்தி எடுத்திருக்கிறார்கள். முன்பு உண்மையான மரக் கூரைதான் இருந்தது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டு இதைப் போட்டிருக்கிறான். முப்பத்தைந்து வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ‘பொய் சொல்லாதே’ என்று சொல்லிக் கொடுத்தேன். என் பிள்ளை பொய்க்கு அடியிலேயே குடியிருக்கிறான். ஆறு மாதம் வந்து இருங்கள் என்று கூப்பிடுகிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை.”

கையெழுத்துக்குக் கீழே, இடமில்லாத இடத்தில், நெருக்கி எழுதிய இரண்டு வரிகள்: “கூரை மட்டும் அல்ல. வாசலில் கோலம் இருக்கிறதே, அதுவும் ஒட்டுகிற தாள்தான். அவன் வாழ்க்கையே இப்படி ஆகிவிட்டதோ என்று தோன்றுகிறது.”

கடிதத்தைப் படிக்கத் தொடங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசி இரண்டு வரிகளைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நண்பருக்கு உறுத்துவது தகடு அல்ல. தந்தை வாழ்ந்த வாழ்க்கையின் உருவம் மகனிடம் இருக்கிறது. உள்ளே இருந்த பொருள் மாறிவிட்டதோ என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சம் இன்று எத்தனையோ வீடுகளில் உண்டு. ஆகவே அவருக்கு எழுத வேண்டிய பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த மர ஓட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அதை ‘ஷிங்கிள்’ என்பார்கள். மேற்குக் கரையில் விளையும் சிவப்பு செடார் மரம் அதற்குப் பெயர் பெற்றது. ரேகை நேராக ஓடுகிற மரம். உளியை வைத்துத் தட்டினால் ரேகையோடு பிளந்து கொடுக்கும். அப்படிப் பிளந்த துண்டில் மழைத் தண்ணீர் ரேகை வழியே வழுகி ஓடிவிடும், உள்ளே இறங்காது. எளிதில் உளுத்துப் போகாதபடி மரத்துக்குள்ளேயே இயற்கையான காப்பும் இருக்கிறது. சில்லுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி அடுக்கி ஆணி அடித்துவிட்டால், பல ஆண்டுகள் மழையையும் பனியையும் தாங்கும். புதிதில் செம்பழுப்பாக இருக்கும். வெயில் பட்டுப் பட்டு வெள்ளிபோல நரைத்துவிடும்.

இரும்பு ஓட்டின் கதை வேறு. மெல்லிய எஃகுத் தகடு. அது துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சு. அதன் மேல் வண்ணம், அல்லது நிறமேற்றிய கல்துகள். செடார்ச் சில்லைப் பார்த்துச் செய்த அச்சில் வைத்து அழுத்தினால் மரத்தின் முகம் தகட்டில் விழுந்துவிடும். ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்வதால் காற்றுக்கு எளிதில் பெயராது. பார வண்டிபோல் கனக்காது. ஒரே ஒரு குறை: அச்சுகள் சிலவே இருப்பதால், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அதே கணு, அதே வெடிப்பு, திரும்பத் திரும்ப வரும். இயற்கை ஒரே கணுவை இரண்டு முறை செய்வதில்லை. பொய்யை அங்கேதான் கண்டுபிடிக்கலாம்.

நண்பரின் கட்சிக்கு ஒரு பெரிய வழக்கறிஞர் உண்டு. ஜான் ரஸ்கின் என்ற ஆங்கில அறிஞர் 1849-இல் கட்டடக் கலைக்கு ஏழு விளக்குகள் என்று ஒரு நூல் எழுதினார். அந்த ஏழில் ஒன்று வாய்மை. கட்டடமும் பொய் சொல்லும் என்பது அவர் கருத்து. எது தாங்குகிறதோ அதை மறைத்து வேறொன்று தாங்குவதாகக் காட்டுவது ஒரு பொய். மரத்தின் மேல் சலவைக்கல்போல வண்ணம் தீட்டி, ஒரு பொருளை இன்னொன்றாகக் காட்டுவது இரண்டாவது பொய். கை செய்ய வேண்டிய அலங்காரத்தை அச்சில் வார்த்து எடுப்பது மூன்றாவது. இந்தக் கணக்கில் நண்பரின் மகன் வீட்டுக் கூரை இரண்டாவது குற்றத்தையும் மூன்றாவது குற்றத்தையும் ஒருங்கே செய்திருக்கிறது. ரஸ்கினிடம் போனால் தண்டனை நிச்சயம்.

ரஸ்கினும் அவர் வழி வந்தவர்களும் சொன்னதைக் கேட்டு வாழ்ந்து பார்த்த மனிதர்களும் இருந்தார்கள். அதுவும் அந்தக் கலிபோர்னியாவிலேயே இருந்தார்கள்.

சான்பிரான்சிஸ்கோ நகருக்கு எதிரே, வளைகுடாவின் அக்கரையில், பெர்க்லி என்ற பல்கலைக்கழக ஊர் இருக்கிறது. 1898-இல் அங்கே மலைச்சரிவில் வாழ்ந்தவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். மலையை வெட்டிச் சமப்படுத்தாதே; மரத்தை வெட்டாமல் வீட்டை அதற்கு ஏற்ப வளைத்துக் கட்டு; மரத்தால் கட்டினால் அது மரமாகவே தெரியட்டும்; வண்ணம் பூசி ஏமாற்றாதே. இப்படி அவர்கள் ஊருக்குப் போதித்தார்கள். சார்லஸ் கீலர் என்ற கவிஞர் இதையே 1904-இல், எளிய வீடு என்னும் பொருளில் ஒரு சிறு நூலாக எழுதி, தம் நண்பரான பெர்னார்டு மேபெக் என்ற கட்டடக் கலைஞருக்குக் காணிக்கையாக்கினார். கீலர் குடியிருந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவரும் மேபெக்தான். அந்த மலைச்சரிவு முழுவதும் மர ஓடு வேய்ந்த வீடுகள் எழும்பின. சுவருக்கும் மரச்சில்லு, கூரைக்கும் மரச்சில்லு. வாய்மையே வீடாக வாழ்ந்த ஊர் என்று சொன்னால் தகும்.

1923-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி, மலைக்கு அப்பாலிருந்து வறண்ட காற்று வீசியது. காய்ந்த புல்லில் பிடித்த தீ மலைமுகட்டைத் தாண்டி ஊருக்குள் இறங்கியது. மர ஓட்டின் குணம் அப்போதுதான் தெரிந்தது. மரச்சில்லு எரியும்போது ஆணியை விட்டுக் கழன்று, எரிந்துகொண்டே காற்றில் பறக்கும். ஒரு வீட்டுக் கூரை அடுத்த தெருவிலுள்ள வீட்டுக் கூரைக்கு நெருப்பை அனுப்பி வைக்கும். தீயணைக்கிறவன் இந்தத் தெருவில் நின்று கொண்டிருப்பான்; தீ அவன் தலைக்கு மேலே பறந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். சில மணி நேரத்தில் ஏறத்தாழ 600 கட்டடங்கள் சாம்பலாயின. காற்றுத் திசைமாறி, கடற்காற்று வீசியதால்தான் மிச்சம் பிழைத்தது. சாம்பலானவற்றில் மேபெக்கின் வீடும் ஒன்று.

அந்த மனிதர் அப்புறம் என்ன செய்தார் என்பதுதான் என் மனத்தை விட்டு அகலாத செய்தி. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. மறு ஆண்டே தமக்கு ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார். நுரைபோல இலேசான ஒருவகைக் கான்கிரீட் குழம்பில் சாக்குகளை முக்கி எடுத்து, சுவரில் கட்டிய கம்பிகளில் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டார். ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி, மரச்சில்லு அடுக்குகிற அதே முறையில் அடுக்கினார். காய்ந்ததும் அது நெருப்புக்கு அஞ்சாத சுவர் ஆயிற்று. பார்க்கிறவருக்கு மட்டும் பழைய ஷிங்கிள் வீட்டின் நினைவு வரும். சாக்கு வீடு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

மரத்தை மரமாகக் காட்டு என்று போதித்த கூட்டத்தின் தலைசிறந்த கலைஞர், மரம் அல்லாததை மரச்சில்லுபோல அடுக்கினார். இவர் பொய்யராகி விட்டாரா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எரிந்த வீட்டின் முன் நின்ற ஒருவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ‘என் கொள்கை மரம்தான், மறுபடியும் எரிந்தாலும் சரி’ என்று அடம் பிடிப்பது ஒன்று. நேசித்ததையெல்லாம் மறந்துவிட்டு ஒரு மொட்டைச் சுவர் எழுப்புவது மற்றொன்று. அவர் இரண்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. பொருளை விட்டுவிட்டார், அன்பு வைத்திருந்த உருவத்தை விடவில்லை.

மரத்தை விட மாட்டேன் என்று அடம் பிடித்தவர்களும் அந்த மாநிலத்தில் இருந்தார்கள். 1961 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெல் ஏர் பகுதியில் தீப்பிடித்து 484 வீடுகள் எரிந்தன. நகரத்துத் தீயணைப்புத் துறை அடுத்த ஆண்டு அதைப் பற்றி ஒரு படமே எடுத்து, மர ஓட்டுக் கூரைகளின் பங்கை ஊருக்குச் சொன்னது. சொன்னதைக் கேட்க எல்லோருக்கும் மனம் வரவில்லை. மரக் கூரை அழகு. மரக் கூரை கௌரவம். 1989-இல்தான் அந்த நகரம் புதிய மரக் கூரைகளுக்குத் தடை விதித்தது. 1991 அக்டோபரில் பெர்க்லிக்கு அடுத்த ஓக்லண்டு மலையில் மறுபடியும் தீ. 25 பேர் இறந்தார்கள். 3,000-க்கு மேற்பட்ட குடியிருப்புகள் போயின. தீ பரவ உதவியவற்றில் மரக் கூரைகளும் இருந்தன.

இங்கேதான் நண்பர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மரக் கூரை உண்மையானது என்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உண்மை என் வீட்டோடு நிற்பதில்லையே! என் கூரையின் வாய்மை அடுத்த வீட்டுக் குழந்தையின் தொட்டிலின் மேல் எரிந்துகொண்டு போய் விழுகிறதே! வாய்மை என்றால் என்ன என்று கேட்டுக்கொண்ட வள்ளுவர், உள்ளதை உள்ளபடி சொல்வது என்று விடை கூறிவிட்டுப் போகவில்லை. பிறருக்குத் தீங்கு விளையாமையை அதற்கு அளவுகோலாக வைத்தார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்க்கும் அங்கே ஓர் இடம் கொடுத்தார். நீங்கள் வகுப்பில் எத்தனை தடவை நடத்திய பாடம் இது!

அந்தக் கூரையைப் பற்றி இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன்: அது பொய்யான மரம், ஆனால் மெய்யான கூரை. வெயிலைத் தடுக்கிறது, மழையைத் தடுக்கிறது, பறந்து வரும் தீப்பொறியைத் தடுக்கிறது. கூரையாக இருப்பதுதானே கூரையின் தொழில்? அந்தத் தொழிலில் அது யாரையும் ஏமாற்றவில்லை. இதற்கு மாறாக, மெய்யான மரமாக இருந்துகொண்டு பொய்யான கூரையாக இருப்பதும் உலகில் உண்டு. அழகான மரம், தெருவே மெச்சுகிற மரம், ஆனால் ஆபத்துக் காலத்தில் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றாது. இப்படிப்பட்ட மனிதர்களையும் நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

‘அப்படியானால் போலி எதுவும் பொய் அல்ல என்கிறீரா?’ என்று நண்பர் சீறுவார். அப்படிச் சொல்ல மாட்டேன். இதற்கு ரஸ்கினே ஒரு வழி காட்டியிருக்கிறார். கட்டடத்தின் மேல் பொன்முலாம் பூசினால் அது ஏமாற்று அல்ல என்றார். ஏனென்றால் கட்டடம் முழுவதும் கெட்டித் தங்கம் என்று யாரும் நினைக்கப் போவதில்லை. அதே முலாமை நகையில் பூசினால் ஏமாற்று. அங்கே பார்க்கிறவர் தங்கம் என்றே நம்புகிறார். பூச்சு ஒன்றுதான். பார்க்கிறவர் மனத்தில் அது எழுப்புகிற நம்பிக்கைதான் வேறு. பெண்ணுக்குப் போட்ட நகை முலாம் என்று கல்யாணத்துக்கு மறுநாள் தெரிந்த வீடுகளில் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஏமாற்றாத போலிக்கு நம் நாட்டிலேயே பெரிய சான்றுகள் இருக்கின்றன. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று நாம் அழைக்கும் கோயிலைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரே பாறையைச் செதுக்கி எடுத்தது. அதன் கூரை ஒரு கீற்றுக் குடிசையின் கூரை! கல்லில் குடிசை எதற்கு? அதுவரை மரத்தாலும் கீற்றாலும் கட்டி வணங்கிய உருவத்தைச் சிற்பி கல்லுக்கு மாற்றினான். கல்லைக் கீற்று என்று சொல்லி யாரிடமும் விற்கவில்லை. சிதம்பரத்துச் சிற்சபையும் அப்படித்தான். மரத்தால் ஆன சபை. மேலே பொன் ஓடுகள். ஆனால் வடிவம் பழைய குடிலின் வடிவம். அதைப் ‘பொன் வேய்ந்த’ கூரை என்கிறோம். வேய்தல் என்பது புல்லுக்கும் கீற்றுக்கும் உரிய சொல். பொருள் பொன்னாக மாறிய பின்பும் சொல் குடிசையை மறக்கவில்லை. இதைப் பொய் என்று எந்தத் தமிழாசிரியர் திருத்துவார்?

ஆகவே போலியைச் சோதிக்க எனக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான். ‘இது என்ன?’ என்று ஒருவர் கேட்டால் நீ என்ன சொல்வாய்? தயங்காமல் உள்ளதைச் சொல்ல முடிந்தால் அது போலி மட்டுமே, பொய் அல்ல. கேட்டுவிடுவார்களோ என்ற பயம் உள்ளே இருந்தால், அதை உலகமே மரம் என்று நம்பினாலும் அது பொய்தான். நான் இந்தக் கட்டுரையை எழுதும் மேஜைக்கு மேலே தேக்கு ரேகை ஓடுகிறது. அது சன்மைக்கா. வருகிறவர்கள் தட்டிப் பார்த்து ‘நல்ல தேக்கு!’ என்று சொன்னபோது இரண்டொரு தடவை நான் பேசாமல் இருந்திருக்கிறேன். மேஜை பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

ஒன்றை மட்டும் நண்பருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இரும்புக்கு மூப்பு வராது. வந்தாலும் அழகாக வராது. வடக்கு ருஷ்யாவில் ஒனேகா ஏரியின் நடுவே கிஷி என்ற தீவில் 1714-இல் கட்டிய ஒரு மரக் கோயில் இருக்கிறது. அதன் 22 கும்மட்டங்களையும் ஆஸ்பென் மரச்சில்லுகளால் செதில் செதிலாக மூடியிருக்கிறார்கள். வயதாக ஆக அந்த மரம் வெள்ளிபோல மின்னும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கும்மட்டங்களுக்கு இரும்புத் தகடு போட்டார்கள். 1950-களில் பழுது பார்த்தவர்கள் அந்த இரும்பை அகற்றிவிட்டு மறுபடியும் மரச்சில்லையே வேய்ந்தார்கள். அவர்கள் செய்தது சரி. அந்தக் கோயில் வெறும் மழைக் காப்பு அல்ல; முன்னோர் கையால் என்ன செய்தார்கள் என்பதற்குச் சாட்சி. சாட்சிக் கூண்டில் நிற்பவனுக்குப் போலி ஆகாது. குடியிருக்கும் வீட்டுக்கு அவ்வளவு கடுமை வேண்டியதில்லை.

இவ்வளவையும் எழுதிய பிறகும் எனக்கு நிறைவு ஏற்படவில்லை. நண்பரின் மகனோடு தொலைபேசியில் பேசினேன். சிறு வயதில் என் மடியில் விளையாடிய பிள்ளை அவன்.

“ஏனப்பா, இரும்பைத்தான் போடுவது என்று ஆகிவிட்டது. இரும்பாகவே தெரியும்படி போட்டிருக்கலாமே? மர ரேகை எதற்கு?” என்று கேட்டேன்.

“ஆமாம் மாமா, மொட்டைத் தகடு இதைவிட விலை குறைவுதான். மர ஓடு இருந்தால் தீக் காப்பீட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தெருவிலும் எல்லோரும் பயந்தார்கள். அதனால் மாற்றத்தான் வேண்டியிருந்தது” என்றவன் சற்றே தயங்கினான். “அப்பா முதல் தடவை இங்கே வந்தபோது வாசலில் நின்று அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் தாத்தா வீட்டுச் சார்ப்பு மாதிரி இருக்கிறதடா என்றார். அடுத்த தடவை வரும்போது அது இல்லாமல் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.”

“உன் பெண் கேட்டாளா, இது மரமா என்று?”

“கேட்டாள். கீழே கிடந்த ஒரு துண்டைக் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். இரும்பு என்று அவளே சொல்லிவிட்டாள். எதற்காக மாற்றினோம் என்பதையும் சொன்னேன்.”

கோலத்தைப் பற்றி நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று தோன்றியது. அந்தக் குளிரில், வேலைக்கு ஓடுகிற காலையில், மாவுக் கோலம் போட முடியாதவர்கள் வாசலை மூளியாக விட்டுவிடலாம். விட்டுவிட்டிருந்தால் நண்பர் அதைப் பொய் என்று சொல்லியிருக்க மாட்டார். மகன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்று அழுதிருப்பார்.

நண்பரே, உங்கள் மகன் கூரையில் மரத்தின் உருவத்தை வைத்தது ஊரை ஏமாற்ற அல்ல. அது உங்களுக்காக. பயணச் சீட்டு எடுங்கள். போய் வாசலில் நின்று நிமிர்ந்து பாருங்கள். அதே கணு எத்தனை இடத்தில் வருகிறது என்று வேண்டுமானால் பேத்தியோடு சேர்ந்து எண்ணுங்கள். பிறகு உள்ளே போய் அந்தக் கூரையின் கீழே உட்காருங்கள்.